எம். ஹெஃபர்னன் வாசற்பலகையில் விட்ட இடம்

நோரீன் டுகன் தன் வம்சத்தைத் தேவாலயப் பதிவேடுகளில் தேடத் தொடங்கி, பப்களில் கண்டுபிடித்தவள்.

அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்துக்காரர்களுக்கு அதில் வியப்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் ஒரு பங்கை அரசாங்கமே அழித்தது. மறு பங்கு உள்நாட்டுச் சண்டையில் எரிந்தது. மிஞ்சியவை கல்லறைக் கற்களும் பப் வாசற்பலகைகளும்தான். உரிமம் யார் பேரில் இருக்கிறதோ அவர் பெயரைக் கதவுக்கு மேலே எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். பப்காரர் வீட்டுப் பெண் பெரும்பாலும் இன்னொரு பப்காரர் வீட்டுக்குத்தான் வாழ்க்கைப்படுவாள். ஆகவே ஒரு வாசலில் பெயரைப் படித்துவிட்டு, ‘இந்த வீட்டுப் பெண் எந்த ஊர் பப்புக்குப் போனாள்?’ என்று கேட்டுக்கொண்டே நடந்தால் போதும், வம்சம் தானாக நீளும். நோரீன் அப்படி மூன்று மாவட்டங்களில் பத்தொன்பது பப்களில் ஏறி இறங்கினாள். எல்லாவற்றிலும் தேநீர்தான் குடித்தாள்.

எழுபது வயதில் எதற்கு இந்த அலைச்சல் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவளுக்குப் பழைய கோபம் ஒன்று இருந்தது. 1971இல் கில்வாரா அஞ்சலகத்தில் வேலையில் இருந்தாள். திருமணமான பெண் அரசு வேலையில் இருக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். மோதிரம் ஏறிய விரல் முத்திரை குத்தக் கூடாதாம். கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாவியை ஒப்படைத்தாள். இரண்டு வருடம் கழித்துச் சட்டத்தை எடுத்தார்கள், வேலை திரும்பவில்லை. அதன்பின் நாற்பது வருடம் கணவன் பேரில் இருந்த பண்ணையில் மாடு கறந்தாள். படிவங்களில் அவள் தொழில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினார்கள். எழுதியது யார், எழுதாமல் விட்டது யார் என்று தோண்டுகிற குணம் அங்கே பிறந்தது.

அவள் அம்மா கில்வாராவின் ஹெஃபர்னன் பப்பில் பிறந்தவள். இப்போது அதை டெக்லன் கியூசாக் நடத்துகிறான். கைமாறினாலும் பழைய பெயர்ப்பலகையை ஊர் கழற்ற விடவில்லை. டெக்லனின் பெயர் கீழே சின்னதாகத் தொங்கும். மேலே ‘எம்.’ என்று இருக்கும். பிறகு ஒரு கை அகலத்துக்கு வெறும் இடம். பிறகு ‘ஹெஃபர்னன்’. எம் என்றால் மலக்கி, அம்மாவின் கொள்ளுத்தாத்தா. மலக்கி தடித்த ஆள், அவர் தொந்திக்கு விட்ட இடம் அது என்பது ஊர் வேடிக்கை. ஒவ்வொரு முறை வண்ணம் பூசியபோதும் அந்த இடத்தையும் அப்படியே விட்டுத்தான் பூசினார்கள்.

மலக்கியின் பெருமை வேறு. 1881இல், குத்தகை கட்ட முடியாத ஏழு குடும்பங்களைத் தெருவில் நிறுத்திவிட்டு, நிலப்பிரபுவின் ஆட்கள் பப்புக்கு வந்து விஸ்கி கேட்டார்கள். “உங்களுக்குத் தண்ணிகூட ஊத்த மாட்டேன்” என்று சொன்னதற்காக எம். ஹெஃபர்னன் ஒரு மாதம் சிறையில் இருந்தார். இந்தக் கதையை நோரீன் தன் சிறு புத்தகத்தில் எழுதியிருந்தாள்: மலக்கி ஹெஃபர்னன், உரிமக்காரர், 1851 முதல் 1894 வரை. அதைப் படித்த டெக்லன், வாசலில் மலக்கிக்கு வெண்கலத் தகடு வைக்கப்போகிறான். வெள்ளிக்கிழமை காலை அதன் வாசகம் தகடு வார்ப்பவரிடம் போக வேண்டும்.

திங்கட்கிழமை, பலகைக்குப் புது வண்ணம் பூச வந்த ஃபின்டன் அவளுக்கு ஆள் அனுப்பினான்.

“மிசஸ் டுகன், உங்க தாத்தாவோட தொந்தியைச் சுரண்டிட்டேன். வந்து பாருங்க.”

பலகை இரண்டு முக்காலிகளின் மேல் மல்லாந்து கிடந்தது. எட்டுப் பூச்சுகளைத் தீயால் இளக்கி வழித்திருந்தான். வெறும் இடமாக இருந்த இடத்தில் மரம் குழிந்திருந்தது. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தபோது எழுத்துகளின் தடம் தெரிந்தது. எம்முக்குப் பின்னால் ஆங்கிலத்தில் இன்னும் ஆறு எழுத்து. மலக்கி.

“முழுப் பேரும் முதல்ல இருந்திருக்கு. அப்புறம் யாரோ உளியால செதுக்கி எடுத்துட்டு, எம்மை மட்டும் விட்டு, ஒரு புள்ளி வச்சிருக்காங்க” என்றான் ஃபின்டன்.

“எதுக்கு?”

“அது உங்க வேலை. ஆனா ஒண்ணு. உயிரோட இருக்கிறவன் பேரை எவனும் சுரண்டச் சொல்ல மாட்டான்.”

நோரீன் வீட்டுக்குப் போகாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். வடக்குச் சுவரோரம் அந்தக் கல் அவளுக்குத் தெரிந்ததுதான்: மலக்கி ஹெஃபர்னன், இறப்பு 1862. பத்து வருடம் முன்பே அதைப் பார்த்து நோட்டில் குறித்திருந்தாள். 1881இல் சிறைக்குப் போனவரும் எம். ஹெஃபர்னன்தானே, அப்படியானால் இது அவருடைய தாத்தாவாக இருக்கும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். தலைமகனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற ஊர். ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். வம்சம் தேடுகிறவர்கள் எல்லாரும் விழுகிற குழி. புத்தகத்தில் ‘மூத்த மலக்கி’ என்று ஒருவருக்கு அரைப்பக்கம் வேறு எழுதியிருந்தாள்.

அப்படி ஒருவர் இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. புனிதக் கிணற்று நீர் கண்பார்வை தரும் என்ற பாதிரியாரிடம் ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்டவள், ஒரு கல்லிலிருந்து ஒரு மனிதனையே பிறப்பித்திருக்கிறாள். காது மடல் சுட்டது.

மறுநாள் பேருந்தில் நகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போய், ஊர் நீதிமன்றப் புத்தகத்தைக் கேட்டாள். பதில்தான் வாசலிலேயே இருக்கிறதே என்று இத்தனை வருடமும் அதை அவள் கேட்டதில்லை. 1862 அக்டோபரில் ஒரு வரி: உரிம மாற்றம், இறந்துபோன மலக்கி ஹெஃபர்னனிடமிருந்து அவர் மனைவி மார்கரெட்டுக்கு. 1881 ஜூனில் இன்னொரு வரி: மார்கரெட் ஹெஃபர்னன், பப் உரிமக்காரர், விதவை. மது வழங்க மறுத்தது. மன்னிப்புக் கேட்க மறுத்தது. ஒரு மாதம்.

நோரீன் அந்த இரண்டாவது ‘மறுத்தது’ என்ற சொல்லை மூன்று தடவை படித்தாள்.

வியாழன் மாலை தகட்டுக் குழு பப்பில் கூடியது. குழு என்றால் டெக்லன், ஃபின்டன், அடுப்போரத்து நாற்காலியை விட்டு அசையாத எண்பத்திரண்டு வயது மோசி லூபி. ஹாம் சாண்ட்விச் தட்டு நடுவில் இருந்தது. நோரீன் தன் புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

“முப்பத்தோராம் பக்கம் தப்பு. நான் பண்ணின தப்பு. மலக்கி 1862லயே செத்துட்டார். ஜெயிலுக்குப் போனது அவர் பெண்டாட்டி மார்கரெட்.” நகல்களை எடுத்துப் பரப்பினாள்.

டெக்லன் இரண்டு முறை படித்தான். “நோரீன், கோட் ஸ்டாண்டுலேர்ந்து கழிப்பறைக் கதவு வரைக்கும் இங்க எல்லாம் மலக்கிதான். டீ டவல் அடிச்சு வச்சிருக்கேன், அதுல தாடி மீசையோட அவர் படம்.”

“அந்த தாடியை யார் பார்த்தா?”

“வரைஞ்ச பொண்ணு கற்பனை பண்ணினா.”

“நானும் அதைத்தான் பண்ணினேன். உன்னுது துண்டு, என்னுது புத்தகம். என்னுதுதான் பெரிய குத்தம்.”

மோசி தன் ஸ்டவுட் பியர் கோப்பையைக் கீழே வைத்தான். “பொண்ணே, எங்க தாத்தா அந்தக் கதையை நேர்ல பார்த்தவர். மலக்கி கவுன்ட்டர்ல முஷ்டியால குத்தினாருன்னு சொல்லுவார்.”

“செத்துப் பத்தொம்பது வருஷம் கழிச்சா குத்தினார், மோசி? குழியிலேர்ந்து எழுந்து வந்தா?”

“நல்ல பப்காரன் வருவான்” என்றான் மோசி. ஃபின்டன் சிரித்தான்; மோசி சிரிக்கவில்லை. “தாத்தா ‘மலக்கி’ன்னு சொன்னாரான்னு இப்ப யோசிக்கிறேன். ‘ஹெஃபர்னன்’னுதான் சொன்னார். நான்தான் அதை ஆம்பளையாக்கிட்டேன் போல.”

“ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாமே” என்றான் டெக்லன். “மலக்கி, அவர் மனைவி மார்கரெட். எல்லாருக்கும் திருப்தி.”

நோரீனின் குரல் உயரவில்லை. ஒவ்வொரு சொல்லும் தனியாக விழுந்தது. “‘அவர் மனைவி’ன்னு போட்டா திரும்பவும் அவர்தான் ஜெயிலுக்குப் போனதாகும், இவ சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்ததாகும். முப்பத்திரண்டு வருஷம் உரிமம் இவ பேர்ல. மன்னிப்புக் கேட்டா வீட்டுக்குப் போகலாம்னு நீதிபதி வழி விட்டார், இவ கேக்கல. இதுக்கு மேல என்ன செய்யணும், ஒரு பொம்பளை தன் பேர்ல வாசல்ல நிக்கிறதுக்கு?”

டெக்லன் வாசகத் தாளை எடுத்து, மலக்கியை அடித்துவிட்டு மார்கரெட் என்று எழுதினான்.

“அந்தக் காலத்துல அவங்க ஏன் தன் பேரை எழுதிக்கல?” என்று கேட்டான். “பொம்பளை பப்னா யாரும் வர மாட்டாங்கன்னு பயமா?”

“தெரியாது. பயமோ, தந்திரமோ, பெயின்டர் சோம்பேறியோ. எழுதி வைக்கல. தெரியாததை இனிமே எழுத மாட்டேன்.”

“பெயின்டர்களைப் பத்திப் பேச்சு வேண்டாம்” என்றான் ஃபின்டன்.

வெள்ளிக்கிழமை வாசகம் போயிற்று. சனிக்கிழமை காலை ஃபின்டன் முக்காலிகளை வாசலில் போட்டு, பலகையின் மேல் அளவுகோலை வைத்து உதட்டைக் கடித்தான்.

“மிசஸ் டுகன், ஒரு சிக்கல். எழுத்தைக் கொஞ்சம் ஒடுக்கினாலும் புள்ளிக்கு அப்புறம் ஆறு எழுத்துதான் பிடிக்கும். எம்முக்கு அப்புறம் மார்கரெட்டுக்கு ஏழு. ஒரு எழுத்துக்கு இடம் இல்ல. ஹெஃபர்னனைத் தள்ளி எழுதணும்னா பலகை முழுக்க மாத்தணும்.”

நோரீன் குனிந்து பார்த்தாள். எம்முக்குப் பக்கத்தில் அந்தப் பழைய புள்ளி, ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் கருத்துத் தெரிந்தது.

“முழுப் பேர் வர்றப்போ புள்ளி எதுக்கு?” என்றாள்.

ஃபின்டன் மறுபடி அளந்தான். பிறகு உளியை எடுத்து, அந்தப் புள்ளியைச் சுரண்டத் தொடங்கினான்.