டீச்சரிடம் மட்டும் பேசிய பேத்தி

சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்து, ஓரத்தில் சிவப்பில் என் பெயர் எழுதிய இரும்பு டெஸ்க். பெஞ்சையும் டெஸ்க்கையும் சேர்த்தே பற்றவைத்தது. ஆள் ஏறி நின்று ஆடினாலும் அசையாது. பேட்டையில் என் பட்டறையில் நானே பக்கத்தில் நின்று செய்வித்த பன்னிரண்டில் ஒன்று. எங்கள் தெரு அங்கன்வாடிக்கு இலவசமாகக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அடுத்தவன் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டிப் பெருக்கித் தொழில் படித்தவன். இன்று இந்த ஊரில் எத்தனையோ கல்யாண மண்டபங்களில் ஜனங்கள் உட்கார்ந்து சாப்பிடுவது என் நாற்காலியில். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சம்பாதித்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

டெஸ்க்குகளை ஏற்றிக்கொண்டு லோடு ஆட்டோவில் போய் இறங்கியபோது அங்கன்வாடி டீச்சர் வாசலுக்கு வந்து கும்பிட்டார். ஒடிசலான உடம்பு, உரக்கப் பேசவே தெரியாத குரல். ஒரு குழந்தையைத் தூக்கி என் பெஞ்சில் உட்கார வைத்தார். பிள்ளையின் கால்கள் அந்தரத்தில் தொங்கின. மோவாய் டெஸ்க் விளிம்பில் இடித்தது. டீச்சர் இரும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "தங்கமா இருக்கு அண்ணாச்சி. ஆனா பிள்ளைய அளவெடுக்காம செஞ்சிட்டியளே" என்றார்.

இத்தனை வருஷத் தொழிலில் அளவெடுக்காமல் செய்தாய் என்று என்னை யாரும் சொன்னதில்லை. நான் அளவெடுக்காமலும் இல்லை. அந்த அறையின் நீளம், அகலம், வாசல்படி வரைக்கும் டேப் பிடித்து எடுத்திருந்தேன். ஆனால் என் ஆயுளில் நான் பெஞ்சில் உட்கார்ந்து படித்தது மூன்றாம் வகுப்பில் மட்டும்தான். அந்த பெஞ்சின் உயரத்தை என் முழங்கால் மறக்கவில்லை. அதையே அடித்துக் கொடுத்துவிட்டேன். மூன்று வயதுப் பிள்ளையின் முழங்கால் எங்கே இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் மகன் வழிப் பேத்தியும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது மூன்றரை வயது. வீட்டில் பேச மாட்டாள். 'தண்ணி', 'வேண்டாம்', அதற்கு மேல் தலையாட்டல்தான். பாளையங்கோட்டையில் டாக்டரிடம் காட்டினோம். காதில் குறையில்லை, பேசுவாள் என்றார். மருமகள் வேண்டாத சாமி இல்லை. நான் மட்டும் கலங்கவில்லை. பட்டறை நேரம் போக மற்ற நேரமெல்லாம் என் தோளிலேயே கிடக்கிற பிள்ளை. வாய் திறந்தால் முதல் பேச்சு என்னிடம்தான் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, என் டெஸ்க் எப்படி உழைக்கிறது என்று பார்க்கப் போனேன். இரண்டை எதிரெதிராகப் போட்டு, மேலே ஒரு பழைய சேலையை விரித்திருந்தார்கள். என் பெயர் சேலைக்கு அடியில் போய்விட்டது. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "இட்லி சூடா இருக்கு. கையச் சுட்டுரும். ஊதி ஊதித் தின்னணும்." குனிந்து பார்த்தேன். தேங்காய்ச் சிரட்டையில் ஈர மண்ணை அடைத்துக் கவிழ்த்து, இன்னொரு சிறுமிக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள் என் பேத்தி. என்னைப் பார்த்தாள். சுவிட்சை அணைத்த மாதிரி வாய் நின்றுபோனது. "எங்கிட்ட ஓயாமப் பேசுவாளே அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

எனக்கு வரவேண்டிய பெரிய ஆர்டரைப் பக்கத்துப் பட்டறைக்காரன் தட்டிக்கொண்டு போனபோதுகூட என் வயிறு அப்படி எரிந்ததில்லை. டீச்சரிடம் குற்றம் தேட ஆரம்பித்தேன். பூ, பறவைப் படங்களையெல்லாம் என் இடுப்பு உயரத்துக்கு ஒட்டியிருந்தார். "சுவர்ல மேல எடமா இல்ல டீச்சர்?" என்றேன்.

"படம் உங்களுக்கில்லையே அண்ணாச்சி" என்று சிரித்தார்.

"அ, ஆ சொல்லிக்குடுக்காம மண்ணுல பெரள விட்டா பிள்ளை எப்பம் படிக்க?"

"பென்சில் பிடிக்க வெரல்ல பெலம் வேணும்லா. மண்ணப் பெசஞ்சு, தண்ணிய ஊத்திப் பழகட்டும். உங்க பட்டறைக்குப் புதுசா வாறவன் கையில மொத நாளே வெல்டிங் ராடக் குடுப்பியளா?"

கொடுக்க மாட்டேன். அதனால்தான் இன்னும் எரிந்தது. என் தொழிலை வைத்தே என்னை மடக்கிவிட்டார்.

அதன் பிறகு பட்டறைக்குப் போகிற வழியில் தினமும் அந்த ஜன்னலோரம் நிற்க ஆரம்பித்தேன். அப்படி என்ன வசியம் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான். டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். புளியங்கொட்டையையும் வேப்பங்கொட்டையையும் பிரித்து வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், "இத ஏன் தனியா வச்ச?" என்று கேட்பார். அவ்வளவுதான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி இருப்பார். அவசரப்படுத்த மாட்டார், எடுத்துக் கொடுக்க மாட்டார். பிள்ளை கொட்டையைப் பார்க்கும், டீச்சரைப் பார்க்கும், உதட்டைக் கடிக்கும். எனக்கோ நின்றுகொண்டிருக்கவே முடியாது. ஒருநாள் என் பேத்தியிடம் அப்படிக் கேட்டுவிட்டு அவர் சும்மா இருந்தபோது, பொறுக்க மாட்டாமல் ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "அது பெருசு, இது சிறுசுன்னு சொல்லு தாயி!" என்று கத்திவிட்டேன். பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் வெளியே வந்தார். கோபப்படவில்லை. "அண்ணாச்சி, கேள்வியும் நீங்களே கேக்கிய, பதிலும் நீங்களே சொல்லிருதிய. பிள்ளைக்கு என்ன மிச்சம் இருக்கு?" என்றார்.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். அவள் தண்ணீர்ப் பானையைப் பார்த்தாலே தம்ளரோடு நிற்பேன். 'பசிக்கா தாயி? பசிக்கும். தோசையா? தோசைதான்' என்று நானே முடித்துவிடுவேன். அந்த எரிச்சலில் டெஸ்க்குகளைத் திருப்பி எடுத்து வரச்சொன்னேன். டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு பிள்ளையின் முழங்கால் உயரத்தையும் அளந்து, கால்களை அறுக்கச் சொன்னேன். "அண்ணாச்சி, பூனைக்குட்டிக்கா பெஞ்சு செய்யுதோம்?" என்று கேலி பேசினான் வெல்டர். "ஏலே, சொன்னதச் செய்யி" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்தி வீட்டு முற்றத்தில் மண் பிசைந்துகொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தேன். "என்ன செய்யுத தாயி?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கைகளை மடியில் வைத்தேன். நாக்கு உள்ளே துடித்தது. இட்லி, கொழுக்கட்டை, வீடு என்று பத்துப் பதில் தொண்டையில் வந்து முட்டியது. விழுங்கினேன். என் தொழிலில் எத்தனையோ கனமான இரும்பைத் தூக்கியிருக்கிறேன். அந்தக் காத்திருப்பைப்போல எதுவும் கனத்ததில்லை. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மண்கையைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு தெளிவாக, "நீ டீச்சர் மாதிரி இருக்க தாத்தா" என்றாள்.

என்னிடம் அவள் பேசிய முதல் முழுப்பேச்சு அது. அதிலும் டீச்சர்.

மறுநாள் மதியம் அறுத்த டெஸ்க்குகளைக் கொண்டுபோய் இறக்கினேன். "பேசுனாளா அண்ணாச்சி?" என்று டீச்சர் ஆவலாகக் கேட்டார். "பேசாம? 'தாத்தா, சாப்ட்டியா'ன்னு கேட்டாள்லா" என்றேன். அந்த அம்மாள் கையைத் தட்டிச் சந்தோஷப்பட்டார். ஊருக்கும் அதையே சொன்னேன். மருமகளுக்கும் அதையே சொன்னேன். வருஷக்கணக்காக அதுதான் எங்கள் வீட்டுக் கதை.

டீச்சர் மாற்றலாகி முக்கூடல் பக்கம் போய்விட்டார். பேத்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு. பேச்சுப் போட்டி எதையும் விடுவதில்லை. பரிசு வாங்கினால் முதலில் போன் போட்டு டீச்சரிடம் சொல்வாள், பிறகுதான் என்னிடம். போன வாரமும் அப்படித்தான். பேசி முடித்துவிட்டு போனை என் கையில் திணித்தாள். நலம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, வயது ஆகிவிட்டதாலோ என்னவோ, அந்தப் பழைய பொய்யை ஒப்புக்கொண்டுவிடத் தோன்றியது. அவள் அன்று உண்மையில் என்ன சொன்னாள் என்பதைச் சொல்லிவிட்டேன்.

டீச்சர் சிரித்தார். "அது எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. காலையில வந்ததும் வராததுமா, 'தாத்தா உங்கள மாதிரியே வாய மூடிட்டு உக்காந்திருந்தாரு'ன்னு சொல்லிட்டாள்லா. அதுக்குப் பெறவுதான நீங்க மதியம் வந்திய."

அதையும் அவரிடம்தான் போய்ச் சொல்லியிருக்கிறாள்.