கல்வெட்டில் ஏறிய வாழைக்குலை

நான் வாசித்த முதல் ஐம்பது புத்தகங்களும் செத்தவர்களைப் பற்றியவை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. இடம்பெயர்ந்து போன ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் அதற்குள் நாங்கள் படுத்தோம், படிக்கவில்லை. பிறகு வன்னியில் விறகு வெட்டினேன், மன்னாரில் உப்பு அள்ளினேன், கொழும்பில் மூட்டை தூக்கினேன், கட்டாரில் இரண்டு வருடம் கம்பி கட்டினேன். ஓரிடத்தில் கால் தரிக்காது. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தபிறகும் உடுவிலில் கொஞ்சக் காலம், நீர்வேலியில் கொஞ்சக் காலம் என்று, வேலை கொடுத்தவர்களின் தோட்டக் கொட்டில்களிலேயே படுத்து எழும்பினேன்.

அந்த வீடுகளில் வேறு எந்தப் புத்தகம் இல்லாவிட்டாலும் அந்தியேட்டி மலர்கள் ஒரு கட்டு இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வார்கள். அன்று வருகிறவர்களுக்குச் சோற்றோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்பார்கள். முன்பக்கத்தில் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் மருமக்கள் பட்டியல். நடுவில் கல்வெட்டு. மற்ற ஊர்களில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது. இங்கே அது இறந்தவரின் வாழ்வைச் சொல்லும் பாட்டு. அன்றைக்கு ஒருவர் அதை இராகம் இழுத்துச் சபையில் படிப்பார். வந்தவர்கள் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரிக்கு மேலே போடுவார்கள். செத்தவரின் படம் இருப்பதால் எறியவும் மாட்டார்கள், திறக்கவும் மாட்டார்கள்.

நான் திறந்தேன். மழை நாட்களில் கொட்டிலில் வேறு வேலை இல்லை. எல்லாருமே தருமவான்கள், எல்லாருமே இன்முகத்தவர்கள் என்று அவற்றில் எழுதியிருந்தது. பொய் என்று தெரிந்துகொண்டே படித்தேன், ஓசைக்காகப் படித்தேன். எதுகையும் மோனையும் எனக்கு அப்படித்தான் பிடிபட்டன. சைக்கிள் மிதிக்கும்போது காலுக்குத் தாளம் போட்டு நானே வரி கட்டிப் பார்ப்பேன்.

ஒரு மலரில் மட்டும், பாட்டுக்குப் பின்னால், இறந்தவரின் மனைவி அரைப் பக்கம் எழுதியிருந்தாள். பானையில் அடிப்பிடித்த சோற்றைப் பிள்ளைகள் காணும் முன்னம் தன் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொள்வாராம் அந்த மனிதர். முப்பது வருடம் அப்படிச் செய்தாராம். அவ்வளவுதான். அந்த மனிதரை நான் கண்டதில்லை, ஆனால் இன்று வழியில் வந்தால் அடையாளம் பிடிப்பேன். அதன்பிறகு நான் சமைத்த இடங்களில் எல்லாம் அடிச்சோறு என்னுடையது. எந்த வாத்தியாரும் என்னை அப்படி மாற்றியதில்லை. அரைப் பக்கம் மாற்றியது.

நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்தில் ஆறு வருடம் நின்றேன். என் வாழ்க்கையில் ஓரிடத்தில் அதிக காலம் நின்றது அங்கேதான். தோட்டக்காரரை நான் ஐயா என்றும் அவர் மனைவியை அம்மா என்றும் கூப்பிடுவேன். மகன் கனடாவில். மூத்தது மகள், அவள் கடலோரத்துக் குருநகரில் ஒரு கத்தோலிக்கக் கடற்தொழிலாளியைக் கட்டிக்கொண்டு போனவள். நான் அங்கே வேலைக்கு வருமுன்னமே அது நடந்துவிட்டது. அன்றிலிருந்து ஐயா அவளோடு கதைக்கவில்லை. அவள் பேச்சை வீட்டில் எடுக்கவும் விடவில்லை.

ஆனால் மாதத்தில் ஒரு நாள் நல்ல இதரை வாழைக்குலை ஒன்றைச் சாக்கில் சுற்றி என் சைக்கிளில் கட்டுவார்.

"தம்பி, உதைக் கொண்டுபோய்க் குருநகரிலை குடுத்துப்போட்டு வா."

"ஆரிட்டை ஐயா?"

"போற இடம் உனக்குத் தெரியும்."

தெரியும். முதல் தடவை மட்டும் வீதியின் பெயர் சொன்னார். அங்கே மகள் வாங்குவாள், ஒன்றும் கேட்கமாட்டாள். அவள் புருஷன் சாக்கை மடித்து, அதற்குள் ஒரு பொதி மீன் வைத்து, திரும்பக் கட்டிவிடுவான். தோட்டத்துக்கு வந்தால் ஐயா மடையை வெட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி கேட்பார்:

"என்ன மீன்?"

"விளை மீன் ஐயா."

"ம். எனக்கு உது வேண்டாம். நீயே சமை."

நான் கொட்டிலில் சமைப்பேன். குழம்பு கொதிக்கும் நேரத்துக்கு, உப்புப் பார்க்கவேண்டும் என்று வருவார். கோப்பையோடு வருவார். உப்புப் பார்த்து முடிய என் சட்டியில் பாதி இருக்காது.

போன வருடம் ஐயா காலமானார். மகள் செத்தவீட்டுக்கு வந்து ஒழுங்கையில் நின்று அழுதுவிட்டுப் போனாள். உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மகனுக்குக் கனடாவில் பத்திரங்கள் சரிவராததால் வரமுடியவில்லை. எல்லாவற்றையும் தொலைபேசியில் பார்த்தான்; தொலைபேசியில்தான் கட்டளையும் இட்டான்.

மலருக்குக் கல்வெட்டு எழுதும்படி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கேட்டார்கள். இரண்டு நாளில் எழுதித் தந்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தா.

"இன்னிசை கேட்டுருகும் இசைவாணர் எண்டு கிடக்கு. இவர் ஒருநாள் விசிலும் அடிச்சதில்லை. உது ஆரின்ரை கல்வெட்டு?"

எனக்குத் தெரியும். பக்கத்து ஊரில் நாதஸ்வரக்காரர் ஒருவருக்கு எழுதியது. கொட்டிலில் நான் சேர்த்துவைத்த மலர்க் கட்டுக்குள் அது இருந்தது. எடுத்துவந்து காட்டினேன். ஊர்ப் பெயரும் திதியும் மட்டும் மாறியிருந்தன. ஐயா காலமானபிறகு அம்மாவுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"நீ வரி கட்டுறனி எண்டு அவர் சொல்லுவார். கட்டிக்கொண்டு திரியிறான், வாய்க்காலிலை தண்ணி போறது தெரியேல்லை எண்டு பேசுவார். நீ எழுது."

இரண்டு கூலிக்காரக் குடும்பங்களுக்கு முன்பு எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் இவ்வளவு பெரிய தோட்டக்காரருக்கு என்னைப்போல ஒருவன் எழுதுவது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமல்ல. எழுதுகிறேன் என்றேன்.

"அவளும் அதிலை இருக்கோணும்" என்றா அம்மா.

அன்று பின்னேரம் மகனோடு கதைத்தோம். பிள்ளைகள் பட்டியலில் தமக்கையைப் போடவேண்டாம் என்றான். அவன் கெட்டவன் இல்லை. கோபத்திலும் சொல்லவில்லை.

"அண்ணை, அப்பா கதைக்காத ஆளை நான் எப்பிடிப் போடுறது? அவர் உயிரோடை இருந்தா விடுவாரோ? அவரின்ரை சொல்லுக்கு நான் குடுக்கிற கடைசி மரியாதை இது."

அம்மா எழும்பிக் குசினிக்குள் போனா. மலரில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. கலியாணம் பேசும்போது, காணி பிரிக்கும்போது, யாருக்கு யார் உறவு என்று தேடும்போது அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்து விரிப்பார்கள். அதில் இல்லாத பிள்ளை நாளைக்குப் பிறக்காத பிள்ளை. வாழ்ந்ததைப் பார்த்து எழுதுகிறோம் என்றுதான் சொல்வார்கள். எழுதியதைப் பார்த்துத்தான் பிறகு வாழ்கிறோம்.

பட்டியல் மகனுடையது, அதில் நான் கை வைக்கவில்லை. பாட்டு என்னுடையது. ஐயா மண்வெட்டி பிடிக்கும் விதம், காற்றுக் காலத்தில் வாழைக்கு முட்டுக் கொடுக்கும்போது மரத்தோடு கதைப்பது, கோபம் வந்தால் தலைப்பாகையைக் கழற்றி உதறுவது எல்லாம் எழுதினேன். நடுவில் இரண்டு வரி வைத்தேன்:

*கதலிக் குலையெடுத்துக் கடலோரம் தானனுப்பி*
*மதலை முகம்நினைந்து மௌனமாய் வாழ்ந்திருந்தார்.*

மகள் என்று சொல்லாமல், பிள்ளை என்று பொருள்படும் மதலையைப் போட்டேன். மீனைச் சேர்க்கவில்லை. தேவாரத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மீன் வரக்கூடாது என்ற அளவு எனக்கும் தெரியும்.

ஐயாவின் இரகசியத்தை வெளியில் விடலாமா என்று யோசித்தேன்தான். ஆனால் சொல்லாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வெளியில் வரக்கூடாது என்று நினைத்திருந்தால் என்னையா அனுப்பியிருப்பார்? என் வாய் ஓயாது என்று ஊருக்கே தெரியும்.

அச்சகத்தில் அடித்த மாதிரிப் பக்கங்களை மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எல்லாப் பக்கமும் அனுப்பினேன், ஒன்றையும் மறைக்கவில்லை. படம் கறுப்பாக வந்திருக்கிறது என்றான். பட்டியலில் ஒரு உறவினரின் ஊரைத் திருத்தினான். சரி, அடியுங்கோ என்றான்.

முப்பத்தோராம் நாள். காலைக் கிரியைகள் முடிந்து பந்தலில் சனம் இருந்தது. மகளும் புருஷனும் வந்து கிணற்றடியில் நின்றார்கள். அம்மா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பாயில் இருத்தினா. மகனின் முகம் தொலைபேசியில். யாரோ அதைச் செம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் கல்வெட்டுப் படித்தேன். என் குரல் நல்லதில்லை. கொழும்புச் சந்தையில் கத்திக் கெட்ட குரல்.

அந்த இரண்டு வரி வந்தபோது பந்தல் அசையாமல் இருந்தது. கல்வெட்டு படிக்கும்போது சனம் வெற்றிலை தட்டும், பிள்ளைகள் ஓடும். அன்று அதுவும் நின்றது. கடலோரம் இருப்பது யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒரு கிழவர் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் "அப்ப கதைச்சுக்கொண்டுதானே இருந்திருக்கிறான்!" என்றார். மெல்லச் சொல்வதாக நினைத்துச் சொன்னார்.

"அம்மா" என்றது தொலைபேசி. "அது உண்மையோ?"

"சாக்குக் கட்டினது நான்" என்றா அம்மா.

நான் பார்த்த ஆறு வருடமும் கட்டினது ஐயா. அம்மாவுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆனால் அந்த இடத்தில் நான் அதைத் திருத்தப் போகவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மகள் என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து நான் நிமிர்ந்து நின்றேன்.

"அண்ணை, கதலி எண்டு ஏன் எழுதினனீங்கள்? அப்பா ஒருநாளும் கதலி அனுப்பேல்லை. இதரை. எனக்குச் சின்னனிலையிருந்து இதரைதான் பிடிக்கும். நீங்கள்தானே கொண்டுவந்தனீங்கள்."

"மதலைக்கு எதுகை வேணும் தங்கச்சி. கடலுக்கு மோனையும் சரியா வந்துது."

"அதுக்கு? பொய்யை எழுதுறதோ?"

நாதஸ்வரக்காரரின் பாட்டைப் பொய்யென்று எடுத்துவந்து காட்டியவன் நான்.

மூன்றாம் நாள் மகன் தொலைபேசி எடுத்தான்.

"நீங்கள் என்னை ஏமாத்திப்போட்டியள் அண்ணை."

"நான் அனுப்பினனான் தம்பி. நீர் வாசிக்கேல்லை."

"கல்வெட்டை ஆர் வாசிக்கிறது?"

"அதுதான் தம்பி."

அங்கே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, முகம் கழுவியிருப்பான். பிறகு, கனடாவில் உறவுக்காரருக்குக் கொடுக்க இன்னொரு தடவை அடிக்கவேண்டும் என்றான். பட்டியலில் தமக்கையையும் அத்தானையும் முதலில் போடச் சொன்னான். அப்பா கதைக்காமல் கதைத்திருக்கிறார், தனக்குத்தான் விளங்கவில்லை என்றான். கடைசியில் கேட்டான்:

"பாட்டு எழுதினவர் எண்டு உங்கடை பேரைப் போடேல்லை. இந்த முறை போடுங்கோ. பேருக்குப் பின்னாலை என்ன போடுறது? பண்டிதர் எண்டோ?"

"தோட்ட வேலை எண்டு போடும்."

அப்படியே அச்சில் வந்தது. எத்தனையோ பண்டிதர்கள், புலவர்கள் பெயர் நின்ற இடத்தில் தோட்ட வேலை நிற்கிறது. எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது. நான் அதை யாரிடமும் மாற்றிக்கொள்ளமாட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்பது வீடுகளுக்கு எழுதியிருக்கிறேன். "எங்கடை ஆளைப்போலை எழுதுங்கோ" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். முன்பு அப்படி யாரும் கேட்டதில்லை.

அந்த வரியையும் மாற்றினேன். வாழைக்குத் தண்ணீர் விட்டபடி இரண்டு நாள் யோசித்தேன். கட்டிப் பார்த்தால், உண்மைதான் நல்ல எதுகையாக வந்தது:

*இதரைக் குலையெடுத்து எங்கள் கடலோரம்*
*உதரத் துதித்தமகள் உண்ண அனுப்பிவைத்தார்.*

இப்போது மகள் என்று பச்சையாகவே இருக்கிறது. உதரம் என்றால் வயிறு; அது அம்மாவுடையது என்பதால் அவவும் உள்ளே வந்துவிட்டா.

புதிய மலரைச் சைக்கிளில் குருநகருக்குக் கொண்டுபோனேன். அம்மா கட்டிவிட்ட குலையும் பின்னால் இருந்தது. மகள் பட்டியலைப் பார்க்கவில்லை. நேரே பாட்டுக்குப் போனாள், வரியை விரலால் தேடினாள், கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த புருஷனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். இரண்டு தடவை வாசித்தாள். அவன் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"பாட்டு நல்லாயிருக்கு அண்ணை. இஞ்சை வந்த குலை பாட்டிலை வந்திட்டுது. இஞ்சையிருந்து போன மீன் எங்கை?"

"அதைச் சேர்க்கேலாது தம்பி. அந்தியேட்டிப் புத்தகம்."

"மாமா திண்டவரோ இல்லையோ?"

"உப்புப் பாத்தவர்."

அவன் சிரித்தான், ஆனால் விடவில்லை. "அப்ப எங்கையாவது எழுதுங்கோ. ஒரு வழிதான் போனதெண்டு சனம் நினைக்கப்போகுது."

அவன் கேட்டது நியாயம். அதனால்தான் இதை எழுதினேன். அவன் கொடுத்துவிட்டது விளை மீன். சில மாதங்களில் ஒட்டி, ஒரு தடவை பெரிய பாரை. ஐயா எல்லாவற்றுக்கும் உப்புப் பார்த்தார்.