புங்கமரத்தடி வேலை

நடவில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற கர்வம் எனக்கு உண்டு. அதை நான் மறைத்ததும் இல்லை. பாகூர் ஏரிப் பாசனத்தில் எந்த நிலத்தில் நடவு என்றாலும் வரிசையின் முதல் ஆள் நான்தான். என் கை ஓடுகிற ஓட்டத்துக்கு மற்றவர்கள் ஈடு கொடுக்க வேண்டும். மாமியார் வீட்டில் எனக்கு வாய் இருந்ததே அந்தக் கையால்தான்.

அப்படிப்பட்டவளுக்கு, பிரெஞ்சுக்காரன் ஆண்ட அந்த நாளில், நடவு மும்முரத்தில் இரண்டு காலிலும் சேற்றுப்புண் வந்தது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மருதாணி அரைத்து அப்பியும் கால் ஊன்ற முடியவில்லை. எங்களைக் கூட்டிப் போகிற நடவுக்காரி என் காலைப் பார்த்தாள். வரப்போரத்துப் புங்கமரத்தைக் கை காட்டினாள்.

"நீ அங்க குந்திக்கினு புள்ளைங்கள பாத்துக்கோ."

அந்த மரக்கிளைகளில் ஏணைகள் தொங்கிக்கொண்டிருந்தன. கைப்பிள்ளைக்காரிகள் பழைய சேலையில் ஏணை கட்டி, பிள்ளையைப் போட்டுவிட்டுத்தான் சேற்றில் இறங்குவார்கள். ஏணை ஆட்டுவது, வேறு எதற்கும் ஆகாதவர்களுக்கு என்று ஒதுக்கிய வேலை.

"இன்னாக்கா, என்னப் போயி ஏணையாட்டச் சொல்றியே, இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கத்தினேன்.

"வேலதான். வாய மூடிக்கினு ஆட்டு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் பார்த்து நெருக்கடியான நாள். எங்கள் வயலுக்கான ஏரித் தண்ணீர் முறை அன்றோடு முடிகிறது. பிடுங்கிய நாற்றுமுடிகள் வரப்போரம் குவிந்து கிடந்தன. பொழுது சாய்வதற்குள் நட்டு முடிக்காவிட்டால், மிச்ச நிலத்து நடவையெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நிலக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கள் பக்கம் பிரெஞ்சு எல்லையும் இங்கிலீஷ் எல்லையும் பின்னிக் கிடக்கும். ஒரு வாய்க்காலைத் தாண்டினால் வேறு அரசாங்கம், வேலைக்குக் காத்திருக்கிற வேறு பெண்கள். எங்கள் அடுப்பு அந்த நடவை நம்பித்தான் இருந்தது.

மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. ஒரு பிள்ளை சிணுங்கினால் போதும், கைப்பிள்ளைக்காரிகள் அத்தனை பேரும் நிமிர்வார்கள். என் பிள்ளையா, உன் பிள்ளையா என்று பார்ப்பார்கள். கை நிற்கும், பக்கத்தில் இருப்பவளும் நிற்பாள், வரிசை கோணும். "இன்னாடி வேடிக்க, நடுங்கடி" என்று வரிசையின் முனையில் நின்று இவர்களைத் திட்டித் தீர்த்தவள் நான். அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

சரி, குரலாவது கொடுப்போம் என்று ஆரம்பித்தேன். குரலுக்கு எனக்குப் பஞ்சமில்லை. "பச்ச சேல தூங்குது, நீ நடு! கட்டம் போட்டது சும்மா சிணுங்குது, நீ நடு!" பிள்ளைகளை எனக்கு முகம் பார்த்துத் தெரியாது. எந்த ஏணைச் சேலை யாருடையது என்பதுதான் தெரியும். முதலில் கேலியாகச் சிரித்தார்கள். பிறகு நிமிர்வது குறைந்தது.

உச்சி வெயிலில் ஒரு பிள்ளை தன் ஏணையை நனைத்துவிட்டது. பச்சைச் சேலைப் பிள்ளை நிழலில் சாக்கின்மேல் தூங்கிப் போயிருந்ததால், காலியாக இருந்த அதன் ஏணையில் இதைப் போட்டேன். போட்டதை மறந்தும் போனேன். கொஞ்ச நேரத்தில் பச்சை ஏணையிலிருந்து பசி அழுகை கிளம்பியது.

"பச்ச சேலக்காரி, ஏறி வா! புள்ளைக்குப் பசி!"

அவள் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு, மாரில் பால் கசிய ஓடி வந்தாள். ஏணையை விரித்தால் உள்ளே மாதா கோயில் தெருக்காரியின் பிள்ளை, கழுத்தில் சின்னச் சிலுவையோடு. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிள்ளையைப் பெற்றவளோ வயலின் அந்தக் கோடியில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள்.

பச்சைச் சேலைக்காரி என்னை ஒரு முறை முறைத்தாள். "வந்தது வந்துட்டேன். இது மட்டும் புள்ள இல்லியா, குடு இங்க" என்று வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள்.

நான் வயலைப் பார்த்துக் கத்தினேன்: "சிலுவப் புள்ள பால் குடிக்குது, நீ நடு!"

கோடியில் இருந்தவள் நிமிர்ந்தாள். யார் மடியில் என்று பார்த்தாள். சேற்றுக் கையோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குனிந்துகொண்டாள். அந்தக் கும்பிடை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கண் கலங்குகிறது.

அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை அழுதாலும், மரத்துக்குக் கிட்டத்தில் இருக்கிற கைப்பிள்ளைக்காரியைக் கூப்பிட்டேன். யார் பிள்ளை என்று எவளும் கேட்கவில்லை, வந்து எடுத்துப் பால் கொடுத்தாள். பொழுது சாயும்போது கடைசி முடியும் நட்டாகிவிட்டது. நிலக்காரர் வந்து வரப்பில் நின்று பார்த்தார். "நாளைக்குக் கீழண்ட நிலத்துக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடவுக்காரி என் பக்கம் திரும்பினாள். "இன்னாடி, இது வேலையா இல்லியா?"

"வேலதான்க்கா" என்றேன். அப்படி ஒத்துக்கொள்வது என் ஆயுசில் அபூர்வம். ஒரு நாற்றுகூட நடாத அன்றுதான் அந்த வயல் முழுவதும் என் வேலை இருக்கிறது என்று தோன்றியது. எனக்குக் கை மட்டும்தான் பிழைப்பு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று காட்டிய சேற்றுப்புண்ணுக்குக்கூட நான் நன்றி சொல்வேன்.

புண் ஆறியதும் மறுபடி முனைக்குப் போனேன். அடுத்த வருஷ நடவில், அதற்குள் பிறந்திருந்த என் மகனும் அதே மரத்தில் தொங்கினான், என் சிவப்புச் சேலையில். அந்த வருஷம் சேற்றுப்புண் பச்சைச் சேலைக்காரியைப் பிடித்திருந்தது. மரத்தடியில் அவள் இருந்தாள்.

முற்பகலில் ஒரு அழுகை கேட்டது. என் மகன்தான். மார் கனத்தது, கை நின்றுவிட்டது. மரமோ எட்டாத தூரத்தில். அழுகை சட்டென்று அடங்கியது.

"செவப்பு சேல பால் குடிக்குது, நீ நடு!"

யார் மடியில் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாராக இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் தாயே என்று சேற்றைப் பார்த்தே சொல்லிக்கொண்டு, அடுத்த நாற்றை ஊன்றினேன்.