ஸ்கேலின் நான்கு புது விளக்குகள்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஸ்கேல்தான். முப்பத்திரண்டு வருடங்களாகச் சொந்த டிராக்டரில் அடுத்தவர் நிலங்களை உழுது கொடுத்துவந்தார். அவர் இழுத்த உழவுசாலின் ஒரு முனையில் குந்திப் பார்த்தால், மறுமுனையில் நிற்கிற ஆளின் கால் கட்டைவிரல் தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே அவர்தான் என்று இன்னொரு பேச்சும் உண்டு.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஐம்பத்தொன்பதாவது வயதில் ஒரு சோதனை வந்தது. டிராக்டரின் விளக்குகள் மங்கத் தொடங்கின.

இது அவர் தரப்பு வாதம். அதன்படி, கூடத்து டியூப்லைட்டும் மங்கியது. செய்தித்தாள்காரர்கள் மையை மிச்சம் பிடித்தார்கள். ஊசி செய்கிறவர்கள் காதை வேண்டுமென்றே சின்னதாகத் துளைத்து அனுப்பினார்கள். தன் கண்ணைத் தவிர உலகத்தில் சகலத்தின் மீதும் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

இரண்டு வருடங்களாக அவர் டீயை டம்ளருக்கு ஒரு விரற்கடை தள்ளி ஊற்றுவதை வீட்டு அம்மாள் கவனித்து வந்தார். துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். கேட்டால் மனிதர் உடைந்துபோவார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதே இரண்டு வருடங்களாக, தலை வாரிக்கொண்டு எதிரே வந்து நின்றால், "உனக்கு மட்டும் வயசே ஆகல" என்று அவர் சொல்ல ஆரம்பித்திருந்தார். கல்யாணமான புதிதில்கூட வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத ஆசாமி. அப்படிப்பட்டவரை எந்த மனைவிதான் அவசர அவசரமாக வைத்தியரிடம் கூட்டிப்போவாள்?

ஒரு நாள் ஒரு சால் வளைந்தது. நிலத்துக்காரர் திட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம். விஷயம் வெளியே தெரிந்தால் சாவியைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிடுவார்கள். பெயரும் போய்விடும். ஊர் புதிதாக என்ன பெயர் வைக்கும் என்று யோசித்தபோது அவருக்கு வியர்த்தது.

மறுநாளே மைத்துனருக்குச் சொல்லி அனுப்பினார். அம்மாளின் தம்பியான அவர் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவர்.

"மாப்ளே, இந்த லைட்டு எதுக்கும் ஆகாது. எல்.இ.டி போட்டுடு. முன்னால ரெண்டு, பின்னால கலப்பையைப் பாக்கறதுக்கு ரெண்டு."

"போன மாசம்தானே மாமா பல்பு மாத்தினேன். அதுக்கு முந்தின மாசமும் மாத்தினேன்."

"நீ மாத்தினா அந்த லட்சணத்துலதான் இருக்கும். அதான் புதுசு கேக்கறேன்."

"புதுசையும் நான்தானே மாட்டணும்?"

"வேற வழி? பொண்ணு கேட்டு வந்தேன், கூடவே உன்னையும் தலையில கட்டிட்டாங்க."

மைத்துனர் ஒரு பகல் முழுக்க வேலை பார்த்தார். வெயிலில் பழுத்துக் கலங்கிப்போன பழைய பிளாஸ்டிக் முகப்புகளைக் கழற்றி வாளியில் போட்டார். எர்த் ஒயர் சேருமிடத்தில் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். புது ஒயர், புது ஃப்யூஸ். கடைசி வேலை, வெளிச்சத்தை நேர் பார்ப்பது. எதிர்ச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் வந்து நிற்கிற வரை திருகைத் திருப்ப வேண்டும். பொழுது சாய்ந்ததும் வண்டியை நிறுத்திப் போட்டுப் பார்த்தார்கள். முன்விளக்கில் ஒன்று கோட்டில் நின்றது. இன்னொன்றில் அவர் இன்னும் கை வைக்கவே இல்லை. அது சுவரைத் தாண்டி, பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படி மாமா?"

ஸ்கேல் இடுப்பில் கையை ஊன்றி, ஒரு கண்ணைச் சுருக்கி, நிபுணர் பார்வை பார்த்தார். "ஜம்முனு ஒரே நேரா இருக்கு மாப்ளே. இனிமே அதுல கை வைக்காதே."

மைத்துனர் அக்காவைப் பார்த்தார். அக்கா தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். ஸ்குரூ டிரைவர் பைக்குள் போனது.

அடுத்த நாள் அந்தி உழவுக்கு ஸ்கேல் கிளம்பினார். புது வெளிச்சத்தைப் பார்க்கிறோம் என்ற சாக்கில் அக்காவும் தம்பியும் பின்னாலேயே போனார்கள். வயலில் டிராக்டர் சத்தம் கேட்டது. டிராக்டரைக் காணோம். வரப்பில் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டபோதுதான் தெரிந்தது. நான்கு புது விளக்குகளையும் அணைத்துவிட்டு, திருட வந்தவர் மாதிரி மனிதர் இருட்டில் உழுதுகொண்டிருந்தார்.

கை தட்டி நிறுத்தினார்கள்.

"ஃப்யூஸ் போயிடுச்சா மாமா?"

"இல்ல. பேட்டரிக்கு ஓய்வு குடுத்திருக்கேன்."

"அது வேலையே பாக்கலியே. அதுக்கு எதுக்கு ஓய்வு?"

"நீ அப்படித் தள்ளி நில்லுடா" என்று தம்பியை அதட்டிவிட்டு அம்மாள் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தார். கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டார். மூன்று விளக்குகள் வயலைப் பகலாக்கின. நான்காவது மேகத்தை ஆராய்ந்தது. ஒவ்வொரு மண்கட்டியும் நிழலோடு தெரிந்தது.

"இப்ப என்ன தெரியுது உங்களுக்கு?"

ஸ்கேல் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "வெள்ளையா தெரியுது."

"வெள்ளையான்னா?"

"துவைச்ச போர்வையை மூஞ்சிக்கு நேரா புடிச்ச மாதிரி. அணைச்சாத்தான் ஏதோ கொஞ்சம் மண்ணு தெரியுது."

"எத்தனை நாளா?"

"லைட்டு மங்கின நாள்லேருந்து."

"லைட்டு மங்கல."

"தெரியும்" என்றார் ஸ்கேல்.

என்ஜினை நிறுத்தினார். சாவியை உருவி அவரே அம்மாள் கையில் வைத்தார். "ஆணியில மாட்டிடு. யாராவது கேட்டா, வண்டி ரிப்பேருன்னு சொல்லிடு."

"ஆணியிலல்லாம் மாட்ட மாட்டேன். என்கிட்டதான் இருக்கும். கண்ணை சரி பண்ணிக்கிட்டு வந்து கேளுங்க, தர்றேன்."

தள்ளி நின்ற மைத்துனர் காதை மட்டும் தள்ளி வைக்கவில்லை. "மாமா, நேத்து பழைய முகப்பைக் கழட்டிப் போட்டேன் பாருங்க. உள்ள பல்பு நல்லாத்தான் இருந்துச்சு. மேல மூடியிருக்கறது பழுத்துப்போச்சு, அவ்வளவுதான். கண் டாக்டரும் இதே வேலையைத்தான் பாப்பாரு."

"வலிக்குமா மாப்ளே?"

"டிராக்டர் ஒண்ணும் சொல்லல மாமா."

வலது கண்ணில் முதலில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து இடது கண். இரண்டாவது கட்டைப் பிரித்த காலையில் அம்மாள் மூன்று தடவை தலை வாரியிருந்தார். முகம் சரியாகத் தெரியாதபடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஏற்பாட்டையும் செய்திருந்தார். ஸ்கேல் முதலில் சுவரைப் பார்த்து, "காலண்டர் கோணலா இருக்கு டாக்டர்" என்றார். பிறகு அம்மாள் பக்கம் திரும்பினார். வெகுநேரம் பார்த்தார். அம்மாளின் கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டிலிருந்த தழும்பை விரலால் தொட்டார்.

"இது எப்ப?"

"ஒன்றரை வருஷம் ஆச்சு. குக்கர் சுட்டது."

"சொல்லவே இல்லையே."

"பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க."

அவர் கையை விடவில்லை. அம்மாள்தான் கேட்டார். "எனக்கு வயசாயிடுச்சா?"

பொய் சொல்லித் தப்பிக்க நல்ல வாய்ப்பு. ஆனால் பெயர் ஸ்கேல் ஆயிற்றே. "ஆகியிருக்கு" என்றார். "எனக்குத் தெரியாம ஆகியிருக்கு. அதான் எப்படியோ இருக்கு."

தூசிக்குப் போகக்கூடாது என்று டாக்டர் வைத்த கெடு முடிந்த அன்று மாலை, சாவி கைமாறியது. ஸ்கேல் ஏறி உட்கார்ந்து விளக்கைப் போட்டார். உடனே இறங்கினார்.

"மாப்ளே, எவன் இதை மாட்டினது? ஒண்ணு மாடித் தொட்டியைப் பாக்குது."

"'கை வைக்காதே'ன்னு ஒரு பெரிய மனுஷர் சொன்னாரு மாமா. மரியாதைக்கு அப்படியே விட்டுட்டேன்."

ஸ்குரூ டிரைவரை வாங்கிக்கொண்டு ஸ்கேலே திருகின் முன்னால் உட்கார்ந்தார். அழிந்துபோன கோட்டை மறுபடி போட, சாக்பீஸோடு சுவரோரம் போனார் அம்மாள். வெளிச்சம் தொட்டியிலிருந்து இறங்கி, சுவரில் வழிந்து, கோட்டுக்கு வந்தது. கோட்டுக்கு நடுவில் அம்மாள் கண் கூசி நின்றிருந்தார்.

"கோடு தெரியுதா?"

"தெரியுது. நீதான் மறைச்சுக்கிட்டு நிக்கறே."

"நகரணுமா?"

திருகைத் திருப்பிக்கொண்டிருந்த கை நின்றது.

"வேணாம்" என்றார் ஸ்கேல். "இப்படியே கொஞ்ச நேரம் நில்லு."