இரண்டு லட்சம் பேர் பார்த்த உலகம்மை

குற்றாலத்துக்குக் கிழக்கே, அருவிச் சத்தம் எட்டாத தூரத்தில் இருக்கிறது உலகம்மையின் ஊர். அங்கே பதினோரு வருடமாகக் குடிதண்ணீர் திறந்துவிடும் வேலை அவளுக்கு. டேங்க் ஆபரேட்டர் என்பார்கள். தினக்கூலிதான், நிரந்தரம் இல்லை. ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரைத் தெருத்தெருவாகப் பிரித்துவிட்டு, ஊர் வாட்ஸ்அப் குழுவில் "மேலத்தெருவுக்குத் தொறந்தாச்சு" என்று குரல் பதிவு போடுவாள்.

ஆவணியில் ஒருநாள் மேலத்தெரு வால்வு மூட வரவில்லை. அதன் திருகு மரை தேய்ந்திருந்தது. மாற்றச் சொல்லி மூன்று மாதமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் சாக்கடைக்கு ஓடியது. மேற்பார்வையாளர் மகாதேவனுக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்தாள். அவர் எடுக்கவில்லை. அவள் குனிந்து போனோடு நின்றதை அதே தெரு புவனேஷ் வீடியோ எடுத்தான்.

'அறுபதாயிரம் சம்பளம். மக்கள் தண்ணி சாக்கடைல. அம்மா போன்ல படம் பாக்காங்க. இதான் நம்ம அரசாங்கம்' என்று எழுதிப் போட்டான்.

மறுநாளைக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். துபாயிலிருந்து ஒருவர் அவளைச் செருப்பால் அடிக்கச் சொன்னார். 'கவர்மென்ட் ஆளுக எல்லாமே இப்படித்தான்' என்று கீழே ஒருவர் எழுதிய வரிக்குக் கைதட்டியவர்களில், அவள் திறந்துவிடும் தண்ணீரைப் பிடிக்கிறவர்களும் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் புது வால்வு வந்தது. உலகம்மைக்கு வேலை போயிற்று.

"மேலேருந்து கேக்காங்க. யாரையாவது நிறுத்துனாத்தான் அடங்கும்" என்றார் மகாதேவன்.

"நான் போன் அடிச்சது ஒங்களுக்குத்தான அண்ணாச்சி. ஏழு தடவை. அத மேல சொன்னியளா?"

அவர் ஏதோ காகிதத்தைப் புரட்டினார்.

வீட்டுக்கு வந்து போனை நோண்டினாள். போன வருடம் அவளே குழுவில் பகிர்ந்த வீடியோ ஒன்று கிடந்தது. எங்கோ ஒரு ரேஷன் கடையில் பில் போடும் பெண் ஒருத்தி கத்துகிறாள். 'வெக்கங்கெட்ட அரசாங்கம்' என்று கீழே உலகம்மை எழுதியிருந்தாள். அந்தப் பெண் எதற்குக் கத்தினாள் என்று அவள் கேட்டதேயில்லை. அந்த வீடியோவுக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு வேலை இருக்கிறதா என்றும் தெரியாது. உலகம்மைக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அதோடு புவனேஷ் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"என்னையப் பாத்தா ஒனக்கு அரசாங்கம் மாதிரியாலே தெரியுது?"

"தெரியாமப் போட்டுட்டேன்க்கா. இப்பவே அழிச்சிருதேன்."

"அழிக்காத. நான் எழுதிக் குடுத்த கடுதாசி நகல் இந்தா இருக்கு. இதப் போடு. என் கூலி எவ்வளவுன்னு போடு. போன எடுக்காதது யாருன்னும் போடு."

போட்டான். நூற்று நாற்பது பேர் பார்த்தார்கள். 'ரொம்ப நீளம்' என்று ஒருவர் எழுதினார்.

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. தென்காசி கலெக்டர் ஆபீஸில் இரண்டு மனு கொடுத்தாள். இப்போது பஸ் ஏறிப் புளியங்குடி போய், கமிஷன் கடையில் எலுமிச்சை தரம் பிரிக்கிறாள். முதல் நாளே பக்கத்தில் காய் பிரித்துக்கொண்டிருந்த மெஹர் பானு உற்றுப் பார்த்தாள்.

"நீங்க அந்தத் தண்ணி வீடியோல வந்தவங்கதான? கவர்மென்ட் சம்பளத்த விட்டுட்டா இங்கன வந்திய?"

உலகம்மை கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். தேய்ந்த மரையிலிருந்து ஆரம்பித்தாள். லாரி வந்து நிற்கிறது என்று கடைக்காரர் சத்தம் போட்டார். மூன்றாவது கடிதத்தில் என்ன எழுதினாள் என்பதை அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் நிறுத்தவில்லை.