ஷான் அக்கா திருப்பிக் கொடுத்த குடியுரிமை

நல்லெண்ணெயில் இஞ்சி பொரியும் மணம்தான் முதலில் வேலி தாண்டி வந்தது. ஆஸ்திரேலியப் புறநகரான கிரவீனில் நாங்கள் வாடகைக்கு எடுத்த பின்வீட்டில் பெட்டிகளை இறக்கிவைத்த அன்று, முன்வீட்டுக் குசினியிலிருந்து வந்த அந்த மணத்தை முகர்ந்துவிட்டு, "ஆரோ எங்கட சனம்" என்று அம்மா சந்தோசப்பட்டார். எட்டிப் பார்த்தால், கையில் அகப்பையும் அடுப்புக்குப் பக்கத்தில் விரித்த சட்டப் புத்தகமுமாக நின்றவர் தைவான்காரியான ஷான் அக்கா.

நான் எட்டு வயதில் பெற்றோருடன் படகில் அகதியாக வந்தவள். அப்பாவுக்குக் கோழித் தொழிற்சாலையில் வேலை. எங்கள் மூவருக்கும் சில மாதங்களுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டிய தற்காலிக விசா. "விசா வரட்டும்" என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லாக் கேள்விக்கும் பதில். கட்டில் வாங்குவதா, என்னை நடன வகுப்பில் சேர்ப்பதா, வாடகைச் சுவரில் ஒரு ஆணி அடிப்பதா, எதுவானாலும் விசா வரட்டும். தபால்காரரின் மோட்டார்சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதுகூட, இன்றைக்குக் கடிதம் வந்திருக்குமோ என்று என் கால்கள் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஷான் அக்கா தைவானின் தெற்கே ஒரு சிறு நகரத்தில் மோட்டார்சைக்கிள் திருத்துபவரின் மகள். வரலாறு படித்து ஆசிரியையாக வேண்டியவர், ஒரு வருட வேலை விசாவில் ஆஸ்திரேலியா வந்து, பழங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போனார். அங்கே அவருடைய தோழியின் இரண்டு விரல்கள் இயந்திரத்தில் போயின. மறுநாளே அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தியபோது, யாரிடம் போய் என்ன கேட்பதென்று இருவருக்கும் தெரியவில்லை. அந்த வெட்கம்தான் தன்னைச் சட்டம் படிக்க வைத்தது என்று ஷான் அக்கா சொல்வார். மெரிலேண்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டே படித்து, முதல் வருடம் இரண்டு பாடங்களில் தவறி, திரும்ப எழுதி, நாங்கள் குடிவந்த மறு வருடம் பிளாக்டவுனில் ஒரு இலவசச் சட்ட உதவி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

எங்கள் முதல் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டபோது, அப்பாவின் வாக்குமூலத்தைப் புதிதாக எழுத முன்வந்தவர் அவர்தான். ஒரு சனிக்கிழமை காலை, குசினிக் கதிரையில் இருந்து அப்பா சொல்லச் சொல்ல, பதினொரு வயதான நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரில் சித்தப்பாவை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டுபோன நாளுக்கு வந்ததும் அப்பா என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். ஷான் அக்கா மடிக்கணினியை மூடினார். இதைப் பிள்ளை வாயால் சொல்ல வைக்கக் கூடாது என்றவர், அடுத்த கிழமை ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டி வந்தார். வெளியே அனுப்பப்பட்டதில் எனக்கு அவமானமாக இருந்தது. எவரிடமும் சொல்ல முடியாத அளவுக்கு நிம்மதியாகவும் இருந்தது.

மறு வருடம் அவருக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்தது. அம்மா கேசரி கிண்டினார். அந்தப் புதுப் பாஸ்போர்ட்டை நான் இரண்டு கையாலும் வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன்.

ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. தைவானுக்குப் போய்த் திரும்பிய ஷான் அக்கா எங்கள் குசினியில் நின்றபடியே செய்தியைச் சொன்னார். அங்கே நகரசபைத் தேர்தலில் நிற்கப் போகிறார். வென்றால், பதவியேற்கும் முன் மற்ற நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். அது அங்கத்தைய சட்டம். அம்மாவுக்குச் சொல்லும்படி என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் பாஸ்போர்ட் என்ற ஒரு சொல்லே அம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

"ஏன் பிள்ளை? இதுக்காகத்தானே நாங்கள் இந்தப் பாடு படுறம்," என்றார்.

"எனக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருக்கிறது, அன்ரி. எனக்குக் கோபம் வருவதும் அதன் மேல்தான்," என்று ஷான் அக்கா ஆங்கிலத்தில் சொன்னார். அதையும் நான் தமிழில் சொல்லவில்லை. புறப்பட்ட அன்று அவர் எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் "போட்டு வாறன்" என்று வாசலில் நின்று விடைபெற்றபோது, நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

அவர் வென்றார்; கையொப்பமிட்டுக் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தார். நான்கு வருடம் நகரசபையில் இருந்துவிட்டு நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றபோது, அங்கே பதவியும் இல்லை, இங்கே வந்து வாழ உரிமையும் இல்லை. தொழிலாளருக்கு மாலை வகுப்பில் சட்டம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, காலையில் சந்தைத் தெருவில் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு இருந்து, அடுத்த முறை வென்றார். இவை எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எனக்கு எழுதிக்கொண்டே இருந்தார். நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் எங்களுக்கு நிரந்தர விசா வந்தது. கடிதத்தை வாசித்து முடித்ததும் அம்மா சொன்ன முதல் சொல், "ஷானுக்குச் சொல்லு." கதவைச் சாத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு அன்றைக்கே எழுதினேன். பதில் சில வரிகள்தான். கையொப்பமிட்ட அன்று அந்த அலுவலகப் படியில் ஒரு மணி நேரம் இருந்தாராம். "உன் அம்மாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. உன் கோபம் நியாயம்தான். ஆனாலும் நான் திரும்பவும் அதையேதான் செய்வேன்."

இன்று கிரவீனில் அந்த முன்வீடும் இல்லை, பின்வீடும் இல்லை. இடித்துவிட்டு ஒட்டினாற்போல் இரண்டு மாடிவீடுகள் கட்டியிருக்கிறார்கள். அங்கே எந்தக் குசினி எங்கே இருந்ததென்று என்னால் குறித்துக் காட்ட முடியவில்லை. போன மாதம், ஷான் அக்கா தங்கள் நாடாளுமன்றத்தில் பேசிய காணொளி ஒன்றை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. மீன்பிடிக் கப்பல்களில் வேலை செய்யும் வெளிநாட்டு மனிதர்கள் கரையைக் கண்டு எத்தனை நாள் என்று அமைச்சரிடம் கேட்கிறார். அமைச்சர் வேறெதையோ சொல்கிறார். ஷான் அக்கா திரும்பவும் கேட்கிறார். நேரம் முடிந்தது, இருக்கையில் அமர வேண்டும் என்று மணி அடிக்கிறது.

அப்பா தொலைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், "இருந்திடாத பிள்ளை, கேள்," என்றார்.

மணி திரும்பவும் அடித்தது. ஷான் அக்கா நின்றபடியே மூன்றாம் முறையும் கேட்டார்.