பரளச்சிக் குடத்துத் தண்ணீர்

யுத்த காலம் அது. அருப்புக்கோட்டையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். பரளச்சி கிராமத்திலிருந்து, வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரியை மாட்டு வண்டியில் உட்கார வைத்தே கொண்டுவந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டியது. பத்து நாளாக அவர் படுக்கவே இல்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

இதயக் கோளாறு என்று டாக்டர் டிஜிட்டாலிஸ் கொடுத்தார். இரண்டு நாளாகியும் குணமில்லை. எனக்கு வேறொன்று உறுத்தியது. காலையில் அவருக்கு முகமும் கண் இமையும் உப்பியிருந்தன. யாரும் சொல்லாமலே அவருடைய யூரினை டெஸ்ட் டியூபில் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். ஆசிட் இரண்டு சொட்டு விட்டும் வெந்த முட்டையின் வெள்ளையைப் போலத் திரிந்தே நின்றது. யூரினில் புரதம் இறங்குகிறது என்று அர்த்தம். டாக்டரிடம் நீட்டினேன்.

கோபக்காரர்தான், ஆனால் நியாயஸ்தர். பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கிட்னி வேலையை விட்டிருச்சு நர்ஸ். வெளியே போகவேண்டிய உப்பும் தண்ணியும் ரத்தத்துலயே நிக்குது. பிரஷர் ஏறிப்போச்சு. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே இதயம் களைச்சிருச்சு. நுரையீரல்ல நீர் கோத்துக்கிட்டா மூச்சு வாங்கத்தானே செய்யும்?"

உப்பில்லாக் கஞ்சி, அளந்த தண்ணீர் என்று உத்தரவானது. ஆஸ்பத்திரிக் கொல்லையில் அவர் மனைவிதான் சமைத்தார். நாலு நாள் போயும் வீக்கம் இம்மியும் வடியவில்லை. மூச்சு இன்னும் மோசமானது. திருட்டுத்தனமாக உப்புப் போடுகிறாள் என்று டாக்டர் அந்த அம்மாள் மேல் எரிந்து விழுந்தார். பாவம், அந்த அம்மாள் அழுதுவிட்டார்.

நான் கஞ்சியை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கரித்தது. பக்கத்தில் இருந்த குடத்துத் தண்ணீரைக் குடித்தேன். அதுவும் கரித்தது.

"சத்தியமா ஒரு கல்லு உப்பு போடல நர்ஸம்மா. தண்ணி மாறுனா அவுகளுக்கு ஆகாதுன்னு எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணியத்தான் வண்டியில வரவழைக்கேன்," என்றார்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே வளர்ந்த நாக்குக்கு அது நல்ல தண்ணீர். நான் தாமிரபரணிக்காரி, எனக்குக் கரிப்பு தெரிந்தது. மிக்ஸர் மருந்து கலக்கப் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரைக் கஞ்சிக்கும் குடிக்கவும் கொடுத்தோம். அதிலிருந்து ஆறாம் நாள் மத்தியானம் அந்த மனிதர் மல்லாந்து படுத்துத் தூங்கினார். டாக்டர் வந்து என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்த அம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்டார். என் சர்வீஸில் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்த நாள் அது. இதில் எனக்கென்ன அடக்கம்?

கிட்னியைச் சரியாக்க அன்று மருந்து கிடையாது. இரண்டு வருஷம் கழித்து அவர் போய்ச் சேர்ந்த சேதியைச் சொல்ல அந்த அம்மாள் நடந்தே வந்தார்.

"கடைசி வரைக்கும் மழைத்தண்ணி தேங்குற ஊருணித் தண்ணிதான் நர்ஸம்மா. மைல் கணக்கா நான்தான் சொமந்தேன்," என்றார்.

இன்றைய நர்ஸ் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த அம்மாள் எங்கள் பேச்சை ஒரு நாளும் மீறவில்லை. நாங்கள்தான் முதலில் பாதியை மட்டும் சொல்லியிருந்தோம்.